கெட்ஆப்ட்

கெட்ஆப்ட் என்பது கட்டளை வரியில் ஒரு நிரலுக்குத் தரப்படும் தெரிவுகளைப் பகுத்தாய உதவும் சி நிரல்மொழிச் செயற்கூறு ஆகும். இது போசிக்ஸ் சீர்தரத்தின் ஒரு பகுதி. லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், மேக் இயங்குதளம், சொலாரிசு உள்ளிட்ட யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் அனைத்தின் சி நிரலகத்திலும் இச்செயற்கூறு உள்ளது. இதன் நீட்சியான கெட்ஆப்ட்_லாங் என்னும் செயற்கூறு, சொற்களால் ஆன நெடுந்தெரிவுகளையும் பகுத்தாய வல்லது.

கெட்ஆப்ட் அளவில் சிறியது. எனினும் பயனர் தட்டச்சிடும் சொற்களுள் எது நிரலுக்கு இடப்படும் ஆணை, எது நிரல் கையாள வேண்டிய தரவு என்பதை முடிவு செய்யும் பொறுப்பு இதனுடையது. இந்த எல்லைக்கோடு பிழைபட்ட இடங்களில் கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகள் தோன்றியுள்ளன.

இக்கட்டுரையில் கட்டளைகள், மாறிகள், தெரிவெழுத்துகள் ஆகியன ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் இவை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிடப்படும். எடுத்துக்காட்டுகளில் வரும் ஏ, பி, ஓ ஆகியன தனித்தனி ஆங்கில எழுத்துகளைக் குறிக்கும்.

பின்னணி

சி மொழியில் எழுதப்படும் நிரல் இயங்கத் தொடங்கும்போது, மெயின் என்னும் முதன்மைச் செயற்கூறுக்கு இரண்டு உள்ளீடுகள் கிடைக்கின்றன. முதலாவது ஆர்க்சி. இது கட்டளை வரியில் உள்ள சொற்களின் எண்ணிக்கை. இரண்டாவது ஆர்க்வி. இது அச்சொற்களைச் சுட்டும் அணி. இந்த அணியின் 0-ஆம் உறுப்பு வழக்கமாக நிரலின் பெயராக இருக்கும். பயனர் தந்த சொற்கள் 1-ஆம் உறுப்பில் இருந்து தொடங்குகின்றன.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை இச்சொற்கள் அனைத்தும் ஒரே தன்மையன. இடைக்கோட்டில் தொடங்கும் சொல் தெரிவு என்பதோ, மற்றவை கோப்புப் பெயர்கள் என்பதோ கருனிக்குத் தெரியாது. கட்டளைகளை ஏற்று நிரல்களை இயக்கும் ஷெல்லுக்கும் தெரியாது. இப்பாகுபாட்டை ஒவ்வொரு நிரலும் தானே செய்துகொள்ள வேண்டும்.

தொடக்ககால யுனிக்ஸ் நிரல்கள் இதனைத் தத்தம் போக்கில் செய்தன. 1979-இல் வெளியான யுனிக்ஸ் 7-ஆம் பதிப்பில் கெட்ஆப்ட் இல்லை. அதன் நிரலாளர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் தனியே ஒரு மடக்கு எழுதித் தெரிவுகளைப் படித்தனர். சில நிரல்கள் தெரிவெழுத்துகளைச் சேர்த்து எழுத இடம் கொடுத்தன. சில கொடுக்கவில்லை. சிலவற்றில் தெரிவுக்கும் அதன் மதிப்புக்கும் இடையே இடைவெளி கட்டாயம். சிலவற்றில் இடைவெளி விட்டால் பிழை.

அக்காலத்தின் எச்சங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

* டார், பிஎஸ் ஆகிய கட்டளைகள் இடைக்கோடு இல்லாத தெரிவெழுத்துகளையும் ஏற்கின்றன.
* டிடி கட்டளை, பெயரையும் மதிப்பையும் சமக்குறியால் இணைக்கும் முறையைப் பின்பற்றுகிறது.
* ஃபைண்ட் கட்டளையில் ஒற்றை இடைக்கோட்டை அடுத்து முழுச்சொல் வருகிறது.

யுனிக்ஸ் வழிவராத இயங்குதளங்களின் மரபு வேறு. எம்எஸ்-டாஸ் கட்டளைகளில் தெரிவுகள் சாய்கோட்டில் தொடங்கின. 1983-இல் வந்த அதன் 2.0 பதிப்பு கோப்புறைகளை அறிமுகப்படுத்தியபோது, சாய்கோடு ஏற்கெனவே இப்பணியில் இருந்ததால், கோப்புறைப் பெயர்களைப் பிரிக்கப் பின்சாய்கோடு பயன்பட்டது. விண்டோசில் இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வரலாறு

கெட்ஆப்ட் ஏடி அண்டு டி நிறுவனத்தில் உருவானது. குறைந்தது 1980-ஆம் ஆண்டிலிருந்து இது இருந்துவருகிறது. புழக்கத்தில் இருந்த பல முறைகளுள் மூன்றை மட்டும் இதனை ஆக்கியோர் தெரிந்தெடுத்தனர்: ஓரெழுத்துத் தெரிவுகள், அவற்றைச் சேர்த்து எழுதுதல், மதிப்பு ஏற்கும் தெரிவுகள். இவை அனைத்தையும் ஒரே ஒரு சரத்தால் விவரிக்கலாம் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

1985-இல் டல்லாஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்டு டி நிறுவனம் கெட்ஆப்டின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. யுனிக்ஸ் மூல நிரல் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்த காலத்தில் இவ்வெளியீடு குறிப்பிடத்தக்கது. எல்லா நிரல்களும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டுமானால், அம்முறையைச் செயற்படுத்தும் நிரல் எவருக்கும் தடையின்றிக் கிடைத்தாக வேண்டும். 1986-இல் வெளியான 4.3பிஎஸ்டி பதிப்பில் கெட்ஆப்ட் இடம்பெற்றது.

1980-களின் பிற்பகுதியில் க்னூ திட்டம் தனக்கென ஒரு கெட்ஆப்டை எழுதியது. நெடுந்தெரிவுகளும், சொற்களின் வரிசையை மாற்றியமைக்கும் வசதியும் இதன் வழியே பரவின. 1992-இல் வந்த போசிக்ஸ்.2 சீர்தரம் கெட்ஆப்டை முறைப்படி வரையறுத்தது. க்னூவின் கெட்ஆப்ட்_லாங் இச்சீர்தரத்தில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் 2000-இல் நெட்பிஎஸ்டி 1.5 பதிப்பும், 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 5.0 பதிப்பும் இதனை ஏற்றுக்கொண்டன. சீர்தரத்தில் இல்லாமலேயே பரவலாகக் கிடைக்கும் செயற்கூறுகளுள் இதுவும் ஒன்று.

இடைமுகம்

கெட்ஆப்ட் மூன்று உள்ளீடுகளை ஏற்கிறது. முதல் இரண்டும் மெயினுக்குக் கிடைத்த ஆர்க்சி, ஆர்க்வி ஆகியனவே. மூன்றாவது, நிரல் ஏற்கும் தெரிவெழுத்துகளைப் பட்டியலிடும் சரம். மதிப்பு ஏற்கும் தெரிவெழுத்தை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இடப்படும். 'ஏபிஓ:' என்னும் சரம், ஏ, பி ஆகியவை தனித்து நிற்பவை, ஓ ஒரு மதிப்பை ஏற்பது என்று பொருள்படும்.

ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் கெட்ஆப்ட் ஒரு தெரிவை மட்டும் கண்டறிந்து திருப்பித் தருகிறது. எனவே இது வழக்கமாக ஒரு மடக்கினுள் அழைக்கப்படுகிறது. இது திருப்பித் தரும் விடைகள் பின்வருமாறு.

* தெரிவெழுத்து: பட்டியலில் உள்ள தெரிவு கிடைத்தது.
* வினாக்குறி: பட்டியலில் இல்லாத எழுத்து வந்தது, அல்லது தேவையான மதிப்பு தரப்படவில்லை.
* முக்காற்புள்ளி: மதிப்பு தரப்படவில்லை. தெரிவுச் சரமே முக்காற்புள்ளியில் தொடங்கினால் மட்டும் வினாக்குறிக்குப் பதிலாக இது கிடைக்கும்.
* -1: தெரிவுகள் முடிந்துவிட்டன.

இவை தவிர, நான்கு முழுதளாவிய மாறிகள் வழியாகவும் நிரலுக்குத் தகவல் பரிமாறப்படுகிறது.

* ஆப்ட்ஆர்க்: கண்டறியப்பட்ட தெரிவின் மதிப்பைச் சுட்டும்.
* ஆப்ட்இண்ட்: ஆர்க்வியில் அடுத்து ஆய வேண்டிய உறுப்பின் எண். இதன் தொடக்க மதிப்பு 1.
* ஆப்ட்ஆப்ட்: பிழைக்குக் காரணமான தெரிவெழுத்து.
* ஆப்ட்எர்: இதன் தொடக்க மதிப்பு 1. இதனை 0 ஆக்கினால் கெட்ஆப்ட் தானே பிழைச்செய்தி அச்சிடுவதை நிறுத்திவிடும்.

கெட்ஆப்டும் இம்மாறிகளும் யூனிஎஸ்டிடி என்னும் தலைப்புக் கோப்பில் அறிவிக்கப்பட்டுள்ளன. கெட்ஆப்ட்_லாங் செயற்கூறுக்குக் கெட்ஆப்ட் என்ற பெயரிலேயே தனித் தலைப்புக் கோப்பு உண்டு.

எடுத்துக்காட்டு

'வடிகட்டி' என்னும் நிரல், 'ஏபிஓ:' என்னும் தெரிவுச் சரத்தைக் கொண்டுள்ளது எனக் கொள்க. பயனர் பின்வருமாறு தட்டச்சிடுகிறார்.

வடிகட்டி -ஏபி -ஓ விடை கடிதம் குறிப்பு

இங்கு ஆர்க்சியின் மதிப்பு 6. பகுத்தாய்வு பின்வருமாறு நிகழ்கிறது.

* முதல் அழைப்பு: ஏ கிடைக்கிறது. அதே சொல்லில் இன்னோர் எழுத்து எஞ்சியிருப்பதால் ஆப்ட்இண்ட் 1-ஆகவே உள்ளது.
* இரண்டாம் அழைப்பு: பி கிடைக்கிறது. முதற்சொல் முடிந்ததால் ஆப்ட்இண்ட் 2 ஆகிறது.
* மூன்றாம் அழைப்பு: ஓ கிடைக்கிறது. ஆப்ட்ஆர்க் 'விடை' என்னும் சொல்லைச் சுட்டுகிறது. ஆப்ட்இண்ட் 4 ஆகிறது.
* நான்காம் அழைப்பு: 'கடிதம்' இடைக்கோட்டில் தொடங்கவில்லை. எனவே -1 கிடைக்கிறது. ஆப்ட்இண்ட் 4-இலேயே நிற்கிறது.

மடக்கு முடிந்தபின் ஆப்ட்இண்ட் முதல் ஆர்க்சிக்கு முந்தைய எண் வரை உள்ள உறுப்புகளே நிரல் கையாள வேண்டிய கோப்புகள். '-ஏ -பி -ஓ விடை', '-ஏபிஓ விடை', '-ஏபிஓவிடை' ஆகிய மூன்றும் இதே விளைவையே தரும்.

ஆனால் '-ஓஏபி' என்று எழுதினால் விளைவு வேறாகும். ஓ மதிப்பு ஏற்கும் தெரிவாதலால், அதனை அடுத்துள்ள 'ஏபி' அதன் மதிப்பாகக் கொள்ளப்படும். ஏ, பி ஆகிய தெரிவுகள் செயற்படா. பிழைச்செய்தியும் வராது. டார் கட்டளையில் சி, எஃப், இசட் ஆகிய தெரிவுகளை இடைக்கோட்டை அடுத்து இவ்வரிசையில் சேர்த்து எழுதுவோர், 'இசட்' என்னும் ஓரெழுத்துப் பெயரில் காப்பகக் கோப்பு உருவாகியிருக்கக் காண்பது இக்காரணத்தாலேயே. எஃப் கோப்புப் பெயரை ஏற்கும் தெரிவு என்பதால், அடுத்து நிற்கும் எழுத்தை அது பெயராக எடுத்துக்கொள்கிறது.

இவ்வாறே '-ஓ -ஏ' என்று எழுதினால் '-ஏ' என்பது ஓவின் மதிப்பாகும். கட்டாய மதிப்பு ஏற்கும் தெரிவை அடுத்து வரும் சொல் எவ்வாறு தொடங்கினாலும் கெட்ஆப்ட் அதனை மதிப்பாகவே கொள்ளும்.

தொடரியல் வழிகாட்டுதல்கள்

கட்டளைகளின் தொடரியலுக்குப் போசிக்ஸ் சீர்தரம் 14 வழிகாட்டுதல்களைத் தருகிறது. கெட்ஆப்ட் இவற்றுள் தெரிவுகள் தொடர்பானவற்றைச் செயற்படுத்துகிறது. முதன்மையானவை வருமாறு.

* ஒவ்வொரு தெரிவும் ஓர் எழுத்தாகவோ ஓர் எண்ணுருவாகவோ இருத்தல் வேண்டும்.
* தெரிவுகள் இடைக்கோட்டில் தொடங்க வேண்டும்.
* மதிப்பு ஏற்காத தெரிவுகளை ஒரே இடைக்கோட்டின் பின் சேர்த்து எழுதலாம்.
* ஒரு தெரிவின் மதிப்பு, தந்தாலும் தராவிட்டாலும் ஆகும் என்னும் நிலையில் இருத்தல் கூடாது.
* தெரிவுகள் அனைத்தும் பிற சொற்களுக்கு முன்னதாக வர வேண்டும்.
* '--' என்னும் சொல் தெரிவுகளின் முடிவைக் குறிக்கும். அதன்பின் வருபவை இடைக்கோட்டில் தொடங்கினாலும் தெரிவுகள் அல்ல.
* தனித்து நிற்கும் '-' தெரிவு அன்று. கோப்புப் பெயரை எதிர்பார்க்கும் நிரல்களில் இது நிலையான உள்ளீட்டையோ வெளியீட்டையோ குறிக்கும்.

நெடுந்தெரிவுகள்

ஓரெழுத்துத் தெரிவுகள் தட்டச்சிட எளியவை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளக் கடினமானவை. தெரிவுகள் பெருகும்போது பொருத்தமான எழுத்துகளும் தீர்ந்துவிடுகின்றன. இக்குறையைப் போக்க க்னூ திட்டம் இரட்டை இடைக்கோட்டில் தொடங்கும் சொற்களைத் தெரிவுகளாக ஏற்றது. எல்லா நிரல்களும் '--ஹெல்ப்', '--வெர்சன்' ஆகிய இரண்டு நெடுந்தெரிவுகளையாவது ஏற்க வேண்டும் என க்னூ நிரலாக்க நெறிமுறைகள் கூறுகின்றன.

கெட்ஆப்ட்_லாங் செயற்கூறுக்கு, வழக்கமான மூன்று உள்ளீடுகளுடன் நெடுந்தெரிவுகளின் அட்டவணையும் தரப்படுகிறது. அட்டவணையின் ஒவ்வோர் உறுப்பும் நான்கு புலங்களைக் கொண்ட கட்டமைப்பு ஆகும்: தெரிவின் பெயர், மதிப்பு ஏற்கும் முறை, ஒரு மாறியின் சுட்டு, திருப்பித் தர வேண்டிய எண். மதிப்பு ஏற்கும் முறை 0 எனில் மதிப்பு இல்லை, 1 எனில் கட்டாயம், 2 எனில் விருப்பம். அட்டவணையின் இறுதி உறுப்பின் புலங்கள் அனைத்தும் சுழியமாக இருக்க வேண்டும். இவ்வுறுப்பை எழுத மறந்தால் செயற்கூறு அட்டவணைக்கு அப்பாலுள்ள நினைவகத்தையும் படிக்க முற்படும்.

நெடுந்தெரிவைச் சுருக்கியும் எழுதலாம். பிற தெரிவுகளோடு குழம்பாத அளவுக்கு முதலெழுத்துகள் இருந்தால் போதும். இவ்வசதி கையால் தட்டச்சிடுவோருக்குப் பயன்படும். ஆனால் நெடுநாள் இயங்க வேண்டிய ஷெல் நிரல்களில் சுருக்கங்களைப் பயன்படுத்துவது தீங்காக முடியலாம். நிரலின் புதிய பதிப்பில் அதே முதலெழுத்துகளைக் கொண்ட இன்னொரு தெரிவு சேர்க்கப்பட்டால், நேற்றுவரை செயற்பட்ட சுருக்கம் இன்று ஐயத்துக்குரியது என மறுக்கப்படும்.

செயலாக்க வேறுபாடுகள்

சீர்தரம் இருந்தபோதிலும், செயலாக்கங்களுக்கிடையே சில வேறுபாடுகள் உள்ளன.

வரிசை மாற்றம். போசிக்ஸ் வரையறையின்படி, தெரிவல்லாத முதற்சொல்லைக் கண்டதும் கெட்ஆப்ட் நின்றுவிட வேண்டும். க்னூ சி நிரலகத்தின் கெட்ஆப்ட் அவ்வாறு நிற்பதில்லை. ஆர்க்வியின் உறுப்புகளை இடம்மாற்றி, தெரிவுகளை முன்னும் மற்றவற்றைப் பின்னும் கொண்டுவருகிறது. இதனால் 'எல்எஸ் கோப்புறை -எல்' என்னும் கட்டளை லினக்சில் செயற்படும். பிஎஸ்டி வகைகளில் '-எல்' ஒரு கோப்பின் பெயராகக் கொள்ளப்படும். போசிக்ஸ்லி_கரெக்ட் என்னும் சூழல் மாறி வரையறுக்கப்பட்டிருந்தாலோ, தெரிவுச் சரம் கூட்டல் குறியில் தொடங்கினாலோ, க்னூ செயலாக்கமும் போசிக்ஸ் முறையைப் பின்பற்றும். வேறொரு கட்டளையைத் தன் உள்ளீடாக ஏற்கும் நிரல்களுக்குக் கூட்டல் குறி இன்றியமையாதது. இல்லாவிடில் உள்ளே உள்ள கட்டளைக்கான தெரிவுகளை வெளியே உள்ள நிரல் பறித்துக்கொள்ளும்.

விருப்ப மதிப்பு. க்னூ செயலாக்கத்தில் தெரிவெழுத்தை அடுத்து இரண்டு முக்காற்புள்ளிகள் இட்டால், மதிப்பு கட்டாயமில்லை என்று பொருள். அம்மதிப்பு தெரிவெழுத்தை ஒட்டியே வர வேண்டும். இடைவெளி விட்டு எழுதினால் மதிப்பு தரப்படவில்லை என்றே கொள்ளப்படும்.

மறுதொடக்கம். ஒரே நிரலில் இரண்டாவது சொற்பட்டியலைப் பகுத்தாய வேண்டுமெனில், கெட்ஆப்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். க்னூ செயலாக்கத்தில் இதற்கு ஆப்ட்இண்ட் மாறியை 0 ஆக்குவர். பிஎஸ்டி வகைகளில் ஆப்ட்ரீசெட் என்னும் தனி மாறியை 1 ஆக்கி, ஆப்ட்இண்ட் மாறியையும் 1 ஆக்க வேண்டும்.

பொதுவான வழுக்கள்

கெட்ஆப்டைப் பயன்படுத்துவோர் செய்யும் பிழைகளுள் நன்கறியப்பட்டது, அதன் விடையைக் கேர் வகை மாறியில் இட்டுவைப்பது. கெட்ஆப்ட் திருப்பித் தருவது இண்ட் வகை மதிப்பு. எக்ஸ்86 கணினிகளில் கேர் வகை எதிர்ம எண்களையும் கொள்வதால் -1 மாறாமல் இருக்கும்; நிரலும் சரியாக இயங்கும். ஏஆர்எம், பவர்பிசி ஆகியவற்றின் லினக்ஸ் பதிப்புகளில் கேர் வகை எதிர்ம எண்களைக் கொள்ளாது. அங்கு -1 என்பது 255 ஆகிவிடும். அதனை -1 உடன் ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. மடக்கு முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். எழுதியவரின் கணினியில் பழுதின்றி ஓடும் நிரல், ராஸ்பெரி பை போன்ற கணினியில் உறைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

தெரிவுச் சரத்தில் முக்காற்புள்ளியை மறப்பது மற்றொரு பிழை. அப்போது ஆப்ட்ஆர்க் வெற்றுச் சுட்டாக இருக்கும். அதனைச் சரமாகப் படிக்க முயலும் நிரல் பெரும்பாலும் இடையிலேயே முறிந்துவிடும்.

முழுதளாவிய மாறிகளைச் சார்ந்திருப்பதால், ஒரே நேரத்தில் பல இழைகளிலிருந்து கெட்ஆப்டை அழைப்பது பாதுகாப்பானதன்று. பெரும்பாலான நிரல்கள் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே இதனை அழைப்பதால் இக்குறை பெரிதாக உணரப்படுவதில்லை.

பாதுகாப்பு

இடைக்கோட்டில் தொடங்கும் சொல் எங்கிருந்து வந்தது என்பது கெட்ஆப்டுக்குத் தெரியாது. பயனர் விரும்பித் தட்டச்சிட்ட தெரிவும், தற்செயலாக இடைக்கோட்டில் தொடங்கிய கோப்புப் பெயரும் அதற்கு ஒன்றே. ஒரு கோப்புறையில் '-ஆர்எஃப்' என்னும் பெயரில் ஒரு கோப்பு இருக்கையில், அங்கு 'ஆர்எம் *' என்னும் கட்டளையை இட்டால், ஷெல் உடுக்குறியை அங்குள்ள பெயர்களாக விரித்துத் தரும். ஆர்எம் அப்பெயரைத் தெரிவாகக் கொண்டு, உட்கோப்புறைகளையும் கேள்வியின்றி அழித்துவிடும். பெயர்களுக்கு முன் '--' இடுவதும், பெயரைப் புள்ளி, சாய்கோடு ஆகியவற்றில் தொடங்கி எழுதுவதும் இதற்கான காப்பு முறைகள்.

ஒரு நிரல் வெளியாரிடமிருந்து பெற்ற சொல்லை ஆய்ந்து பாராமல் மற்றொரு நிரலுக்குக் கொடுக்கும்போது இதே சிக்கல் பெரிதாகிறது. பின்வருவன கெட்ஆப்டின் வழுக்கள் அல்ல. தெரிவுக்கும் தரவுக்கும் இடையிலான எல்லையைச் சூழ்ந்திருந்த நிரல்கள் காக்கத் தவறியதன் விளைவுகள்.

* 1994: லாகின் நிரலின் எஃப் தெரிவு, பயனர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர் என்பதைக் குறிக்கும். தொலைவிலிருந்து நுழைபவர் பயனர் பெயராக '-எஃப்ரூட்' எனத் தந்தால், கடவுச்சொல் இன்றியே முதன்மைப் பயனராக நுழைய முடிந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸ் 3 இயங்குதளமும் சில லினக்ஸ் கணினிகளும் பாதிக்கப்பட்டன.
* 2007: சொலாரிசு 10 இயங்குதளத்தின் டெல்நெட் வழங்கியில் இதே குறைபாடு 13 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டறியப்பட்டது.
* 2012: பிஎச்பி மொழியின் சிஜிஐ வடிவம், வலை முகவரியில் வினாக்குறிக்குப் பின் வரும் பகுதியைச் சில சூழல்களில் தன் கட்டளை வரித் தெரிவுகளாகக் கொண்டது. ஒரு முகவரியைத் திறப்பதன் மூலமே வலைத்தளத்தின் மூல நிரலைக் காணவும், விரும்பிய நிரலை அங்கு இயக்கவும் முடிந்தது.
* 2017: கிட் நிரல், வழங்கியின் பெயர் இடைக்கோட்டில் தொடங்கும்போதும் அதனை அப்படியே எஸ்எஸ்எச் நிரலுக்குக் கொடுத்தது. தீய நோக்குடன் ஆக்கப்பட்ட களஞ்சியத்தைப் படியெடுப்பவரின் கணினியில் பிறர் கட்டளைகள் இயங்க இது வழிவகுத்தது. மெர்க்கூரியல், சப்வெர்சன் ஆகியவற்றிலும் இக்குறைபாடு இருந்தது.
* 2024: பிஎச்பியின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடைக்கோட்டை மட்டுமே தடுத்தது. சீன, சப்பானிய மொழி அமைப்புகள் கொண்ட விண்டோசு கணினிகளில், கண்ணுக்குப் புலப்படாத மென்இடைக்கோடு எனும் குறியை இயங்குதளமே இயல்பான இடைக்கோடாக மாற்றித் தந்ததால், அத்திருத்தம் பயனற்றுப்போனது.

சொற்களை எண்ணிப் படிப்பதிலும் தவறு நேரலாம். லினக்சில் பரவலாக நிறுவப்பட்டிருந்த பிகேஎக்செக் நிரல் கெட்ஆப்டைப் பயன்படுத்தாமல், 1-ஆம் உறுப்பில் தொடங்கும் தனி மடக்கைக் கொண்டிருந்தது. நிரலின் பெயரும் இன்றி, ஆர்க்சி 0 ஆகும்படி அதனை இயக்கினால், இல்லாத 1-ஆம் உறுப்பைத் தேடி அடுத்துள்ள சூழல் மாறிகளை அது படித்தது. அதன்வழி எந்தப் பயனரும் முதன்மைப் பயனரின் உரிமையைப் பெற முடிந்தது. 2009 முதல் இருந்த இவ்வழு 2022 சனவரியில் வெளியிடப்பட்டது. அதன்பின் லினக்ஸ் 5.18 கருனி, வெற்றுச் சொற்பட்டியலுடன் தொடங்கும் நிரலுக்கு ஒரு வெற்றுச் சரத்தைத் தானே சேர்த்துத் தருகிறது.

2021 சனவரியில் வெளியான சூடோ நிரலின் வழுவும் தெரிவுகள் தொடர்பானதே. சூடோஎடிட் என்னும் பெயரில் இயக்கப்படும்போது ஏற்கக்கூடாத ஒரு தெரிவு ஏற்கப்பட்டது. தெரிவுகளைப் படித்த பகுதி ஒரு நிலையையும், பின்னர் இயங்கிய பகுதி வேறொரு நிலையையும் கொண்டிருந்ததால், ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே தரவு எழுதப்பட்டது. இவ்வழு 2011 முதல் இருந்தது.

தமிழ் எழுத்துகளும் கெட்ஆப்டும்

க்னூ சி நிரலகம் உள்ளிட்ட பெரும்பாலான செயலாக்கங்களில் கெட்ஆப்ட் ஒவ்வொரு பைட்டையும் ஒரு தெரிவெழுத்தாகக் கொள்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொண்டது. எனவே '-அ' எனத் தட்டச்சிட்டால், அறியப்படாத தெரிவு என்னும் பிழைச்செய்தி ஒரே எழுத்துக்கு மூன்று முறை வரும். தமிழ் எழுத்துகளை ஓரெழுத்துத் தெரிவுகளாகப் பயன்படுத்த இம்முறை இடம் தராது. லினக்சுக்கான மசல் நிரலகம் இதற்கு விலக்கு. அது பல பைட்டுகளாலான குறியீட்டையும் ஒரே தெரிவெழுத்தாகக் கொள்ளும். அங்கும் 'அ' ஏற்கப்படும், 'கி' ஏற்கப்படாது. ஒருங்குறியில் 'கி' இரண்டு குறியீடுகளால் ஆனது.

நெடுந்தெரிவுகளில் இத்தடை இல்லை. கெட்ஆப்ட்_லாங் பெயர்களைப் பைட் வரிசையாக ஒப்பிடுவதால் '--கோப்பு' போன்ற தமிழ்ப் பெயர்கள் செயற்படும். ஆயினும் ஒகரம் ஏறிய எழுத்துகளில் கவனம் தேவை. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் ஒகரக் குறியைக் கொண்டும் எழுதலாம். எகரக் குறி, கால் குறி ஆகியவற்றை அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பைட்டுகள் வேறாதலால் கெட்ஆப்ட்_லாங் இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும். தமிழில் தெரிவுப் பெயர்களை அமைக்கும் நிரல், ஒப்பிடும் முன் சொற்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நன்று. தெரிவுகளின் மதிப்புகளாகத் தமிழ்க் கோப்புப் பெயர்களைத் தருவதில் சிக்கல் ஏதுமில்லை. கெட்ஆப்ட் அவற்றை மாற்றமின்றி அப்படியே ஒப்படைக்கிறது.

பிற வடிவங்களும் மாற்றுகளும்

ஷெல் நிரல்களுக்குக் கெட்ஆப்ட் என்னும் கட்டளையும், போசிக்ஸ் ஷெல்லின் உள்ளமைந்த கெட்ஆப்ட்ஸ் என்னும் கட்டளையும் உள்ளன. முன்னதன் பழைய வடிவம் இடைவெளி கொண்ட மதிப்புகளைச் சரியாகக் கையாளாது. லினக்சில் யூட்டில்-லினக்ஸ் தொகுப்புடன் வரும் வடிவத்தில் இக்குறை களையப்பட்டுள்ளது. கெட்ஆப்ட்ஸ் நெடுந்தெரிவுகளை ஏற்பதில்லை.

க்னூ சி நிரலகத்தில் ஆர்க்பி என்னும் விரிவான இடைமுகமும் உண்டு. இது உதவிச்செய்தியையும் தானே ஆக்கித் தரும். ஆர்பிஎம் தொகுப்பு மேலாளரில் பயன்படும் பாப்ட் நிரலகம், முழுதளாவிய மாறிகளைத் தவிர்க்கிறது. ஒரு தெரிவின் மதிப்பைக் காற்புள்ளிகளால் பிரிந்த உட்தெரிவுகளாகப் பகுக்க கெட்சப்ஆப்ட் என்னும் போசிக்ஸ் செயற்கூறு பயன்படுகிறது.

பெர்ள், பைத்தான் முதலிய மொழிகளிலும் கெட்ஆப்ட் பெயரிலான கூறுகள் உள்ளன. பைத்தானில் 2003-இல் வந்த 2.3 பதிப்பு ஆப்ட்பார்ஸ் கூற்றையும், 2010-இல் வந்த 2.7 பதிப்பு ஆர்க்பார்ஸ் கூற்றையும் சேர்த்தன. மைக்ரோசாப்ட்டின் சி நிரலகத்தில் கெட்ஆப்ட் இல்லை. யுனிக்சிலிருந்து விண்டோசுக்குக் கொண்டுவரப்படும் நிரல்கள், கட்டற்ற செயலாக்கம் ஒன்றைத் தம்முடன் எடுத்துவருவது வழக்கம்.

இவற்றையும் பார்க்கவும்

* சி நிரல்மொழி
* போசிக்ஸ்
* யுனிக்ஸ் ஷெல்
* க்னூ சி நிரலகம்
* யூடிஎஃப்-8